மோட்டார் வண்டியின் கண்ணாடிக்குக் கருமை வேண்டுமா?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகராகிய ஸ்ரீ விஜயபுரம், 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வரை போர்ட் பிளேயர் என வழங்கிய நகரமாகும். அந்நகரின் துறைமுகப் பகுதிகளுள் ஒன்று ஹேடோ. சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைகளினின்றும் புறப்படும் பயணிக் கப்பல்கள் இங்குள்ள துறைமேடையையே அடைகின்றன. தீவுகளில் ஓடும் மோட்டார் வண்டிகளும் பெருநிலப்பகுதியிலிருந்து கடல் கடந்து வந்தவையே. பெருநிலத்தில் வழங்கும் பழக்கங்கள் சிலவும் அவ்வண்டிகளுடனேயே வந்து சேர்கின்றன. சாளரக் கண்ணாடிகளின்மீது கருநிறப் படலம் ஒட்டும் பழக்கம் அவற்றுள் ஒன்று. கடைவீதியில் இதனைச் 'சன் பிலிம்' என்று வழங்குவர்.

ஹேடோவில் வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறப்பவர், முகத்தில் அறையும் அனலையும் தொடவொண்ணாத இருக்கையையும் அறிவர். ஆதலால், கண்ணாடியைக் கறுப்பாக்கினால் வெப்பம் குறையுமன்றோ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. ஆயின், கருமையும் குளிர்ச்சியும் ஒன்றா? அக்கருமைக்கு நாம் கொடுக்கும் விலை யாது? சட்டம் இதனை எவ்வளவிற்கு இடங்கொடுக்கின்றது? சொந்த வண்டி உடையோரும், அலுவல் வண்டியில் நாள்தோறும் பயணஞ்செய்யும் வெளிக்கள ஊழியரும், மாணவர்க்கு ஒளியியல் கற்பிக்கும் ஆசிரியரும் இம்மூன்று வினாக்களையும் வரிசையாக ஆராய்ந்து பார்ப்பது பயன் தரும்.

ஒளி வேறு, வெப்பம் வேறு

1800ஆம் ஆண்டில் வானியலறிஞர் வில்லியம் ஹெர்ஷல், ஞாயிற்றின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எவ்வொளியும் புலப்படாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அகச்சிவப்புக் கதிர்கள் இருப்பதை உலகம் இவ்வாறே அறிந்தது.

தரையை அடையும் ஞாயிற்றின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி இத்தகைய அகச்சிவப்புக் கதிர்களாகவே வருகின்றது. நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட பகுதியே கண்ணுக்குப் புலனாகும் ஒளி. எஞ்சிய சிறு பகுதி, அஃதாவது ஏறத்தாழ ஐந்து சதவீதம் அல்லது அதனினும் குறைவானது, புற ஊதாக் கதிர்களாகும். தெளிந்த வானத்தில் உச்சி வேளையில், கதிர்களுக்கு நேராக வைத்த ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது விழும் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட் ஆகும். இஃது ஒரு சிறிய மின்சார அடுப்பின் வலிமைக்கு ஒப்பானது.

இதிலிருந்து முக்கியமான முடிவு ஒன்று பெறப்படும். ஒரு கண்ணாடி கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றுவதால், அது வெப்பத்தையும் அவ்வளவுக்குத் தடுக்கின்றது என்று கொள்ளலாகாது. கண் காண்பது பாதியை மட்டுமே. மற்றப் பாதியைப்பற்றி அது சான்று கூற இயலாது.

வண்டி ஏன் கொதிக்கின்றது?

கண்ணாடி வழியாகப் புகும் ஒளியையும் அகச்சிவப்புக் கதிர்களின் ஒரு பகுதியையும் இருக்கையும் முன்பலகையும் உறிஞ்சிச் சூடேறுகின்றன. சூடேறிய பொருள்கள் தாமும் கதிர்களை வீசும். ஆனால் அவை மிக நீண்ட அலைகளாதலின் கண்ணாடியைக் கடந்து வெளியேற மாட்டா. இதனினும் பெரிய காரணம், சூடேறிய காற்று வெளியே செல்ல வழியின்றி உள்ளேயே அடைபட்டு நிற்பதாகும். திறந்த வெளியில் சூடான காற்று மேலெழும்பிச் செல்லக் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்பும். மூடிய வண்டியில் இவ்வோட்டம் நிகழ்வதில்லை. கண்ணாடிப் பெட்டிகள் சூடேறுவதில் காற்று அடைபடுதலின் பங்கு பெரிது என்பதை 1909ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலறிஞர் ஆர். டபிள்யூ. வுட் எளிய சோதனை ஒன்றால் எடுத்துக் காட்டினார்.

சாயம் ஏற்றிய சாதாரணக் கரும்படலம், தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதில்லை, தானே உறிஞ்சிக்கொள்கின்றது. உறிஞ்சிய ஆற்றல் எங்கே போகும்? படலமும் கண்ணாடியும் சூடேறி, அவ்வெப்பத்தின் ஒரு பங்கை வெளியிலும் மற்றொரு பங்கை வண்டிக்குள்ளும் விடுகின்றன. வண்டி ஓடும்பொழுது வெளிக்காற்று கண்ணாடியைத் தழுவிச் செல்வதால் வெளியே போகும் பங்கு மிகும். நின்ற வண்டியில் அந்த நன்மை குறைவு. ஆகவே, கரும்படலத்தால் பயனே இல்லை என்பதன்று. தோலின்மீதும் இருக்கையின்மீதும் நேர் வெயில் படுவதை அது தணிக்கும். கண் கூச்சத்தையும் குறைக்கும். ஆயினும், கருமை மிகுந்த அளவுக்குக் குளிர்ச்சியும் மிகும் என்னும் கணக்கு பிழையானது.

இதற்கு மாறாக, ஏறக்குறையத் தெளிவாகவே தோன்றும் கண்ணாடியும் வெப்பத்தைத் தடுக்க வல்லது. இரும்பின் ஆக்சைடு கலந்த இளம்பச்சைக் கண்ணாடி, அகச்சிவப்புக் கதிர்களை நன்கு உறிஞ்சும். இக்காலத்துக் கார்களின் கண்ணாடியை ஓரத்தில் உற்றுநோக்கினால் தெரியும் பசுமை இதனாலேயே அமைந்தது. மிக மெல்லிய வெள்ளிப் படலம் பூசிய கண்ணாடிகளும் உள. அவை காணும் ஒளியை விட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, எவ்வளவு கறுப்பு என்பதன்று. ஞாயிற்றின் மொத்த ஆற்றலில் எவ்வளவு தடுக்கும், காணும் ஒளியில் எவ்வளவு விடும் என்னும் இரண்டு எண்களையே.

புற ஊதாக் கதிர்களைப்பற்றியும் ஒரு சொல். முன்கண்ணாடி, இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது. அப்படலம் புற ஊதாக் கதிர்களை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் வலிவூட்டிய ஒற்றைத் தகடுகள். அவை தோலைச் சுட்டெரிக்கும் குறுகிய அலைகளைத் தடுத்தாலும், நீண்ட அலைகளில் ஒரு பகுதியை உள்ளே விடுகின்றன. நெடுநேரம் வண்டியோட்டுவோர் சாளரத்தின் பக்கமுள்ள கையை முழுக்கைச் சட்டையால் மறைத்துக்கொள்வது எளிய காப்பாகும்.

ஹேடோவின் வானத்தில் ஞாயிறு செல்லும் வழி

ஹேடோ, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றே முக்கால் பாகையில் அமைந்துள்ளது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியிலும், நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அவ்வேளையில் வெயில் விழுவது வண்டியின் கூரைமீதும், சாய்வாக அமைந்த முன்கண்ணாடி, பின்கண்ணாடி ஆகியவற்றின்மீதுமே. ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும் பக்கக் கண்ணாடிகளின்மீது அப்பொழுது மிகச் சிறு பகுதியே படும். அவற்றின் வழியாக வெயில் புகுவது காலையிலும் பிற்பகலிலுமேயாகும்.

ஆகவே, கடும் வெப்பம் நிலவும் நண்பகலில் பக்கக் கண்ணாடிகளின் கருமை தரும் உதவி குறைவு. கூரையின் நிறமும், முன்கண்ணாடிக்கு உட்புறம் விரிக்கும் வெள்ளி நிறத் தட்டியும் அதனினும் மிகுந்த உதவி புரியும். வெண்ணிறக் கூரை ஒளியைத் திருப்பி அனுப்பும். கருநிறக் கூரை உறிஞ்சிக்கொள்ளும். வண்டி வாங்கும் வேளையில் நிறத்தைத் தேர்வதே வெப்பத்தைத் தணிக்கும் முதற்படியாகும்.

ஐந்து மணிக்கு இருளும் ஊர்

கருமைக்கு நாம் தரும் விலை பார்வையாகும். ஹேடோவில் இவ்விலை பிற ஊர்களைவிட மிகுதி. அதற்கான காரணத்தைக் கடிகாரமே கூறும்.

இந்திய நேரம், கிழக்கு நெடுங்கோடு எண்பத்திரண்டரைப் பாகையை அடிப்படையாகக் கொண்டது. ஹேடோ ஏறத்தாழ தொண்ணூற்றிரண்டே முக்கால் பாகையில் இருக்கின்றது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகக் கணக்கிட்டால், இங்கு ஞாயிற்றின் நேரம் கடிகார நேரத்துக்கு நாற்பது நிமிடம் முந்தியிருக்கும். நவம்பர் இறுதியில் மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பே ஞாயிறு மறைந்துவிடும். பகற்பொழுது நீண்ட ஜூன் மாதத்திலும் ஐந்தே முக்கால் மணி அளவில் மறையும். வெப்பமண்டலத்தில் ஞாயிறு அடிவானத்தை நோக்கி ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெளிச்சம் நெடுநேரம் நிலைப்பதில்லை. இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் இருள் சூழ்ந்துவிடும்.

எனவே, அலுவலகமும் பள்ளியும் கடைகளும் விட்டு மக்கள் வீடு திரும்பும் நேரமும், கண் தடுமாறும் அந்தி நேரமும் இங்கு ஒன்றாகவே நேர்கின்றன. இரு பருவக்காற்றுகளின் மழையும் பெறும் தீவு இஃது. மே மாதம் முதல் டிசம்பர் வரை மழை பெய்வதுண்டு. ஆண்டு மழையளவு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கருமேகம், நனைந்த சாலை, கண்ணாடியில் வழியும் நீர் ஆகியவற்றுடன் கரும்படலமும் சேரின் ஓட்டுநருக்கு எஞ்சும் ஒளி எவ்வளவு? நகருக்கு வெளியே பணிசெய்வோர் செல்லும் அந்தமான் பெருஞ்சாலை, பசுமை மாறாக் காடுகளின் ஊடே செல்வது. மர நிழலில் அங்கு மாலை இன்னும் முன்னதாகவே தொடங்கும்.

நம் கண் ஒளியின் குறைவை எளிதில் உணர்வதில்லை. நண்பகலில் ஒளி பாதியாகக் குறைந்தாலும் கண்மணி விரிந்து ஈடு செய்துவிடும். ஆதலால் கடையில் பகல் வேளையில் படலத்தைப் பார்த்து, 'உள்ளிருந்து எல்லாம் நன்றாகத் தெரிகின்றது' என்று முடிவு செய்பவர் ஏமாற்றத்துக்கு இடந்தருகின்றார். இருளில் கண்மணி முன்பே முழுதும் விரிந்து நிற்கும். ஈடு செய்ய மேலும் வழியில்லை. வயது ஏற ஏறக் கண்மணி விரியும் அளவும் குறையும். விழிவில்லையும் மஞ்சளித்து ஒளியைத் தடுக்கும்.

எதிரே வரும் வண்டியின் விளக்கொளியைக் கரும்படலம் தணிக்கின்றது என்று கூறுவோர் உளர். தணிப்பது உண்மையே. ஆனால், சாலையோரத்தில் கருங்குடை பிடித்து நடப்பவரின் உருவத்திலிருந்து வரும் மங்கிய ஒளியையும் அதே வீதத்தில் அது தணிக்கின்றது. விளக்கு பாதியாகத் தணிந்தாலும் விளக்காகவே தெரியும். மனித உருவமோ பாதியாகத் தணிந்தால் தெரியாமலே போகலாம்.

ஆசிரியர்க்கு ஒரு கணக்கு

ஒளி இரு தடைகளைக் கடக்கும்பொழுது, விடுபடும் பங்குகளைக் கூட்டுவதோ கழிப்பதோ முறையன்று, பெருக்குதல் வேண்டும். ஒரு வண்டியின் கண்ணாடி, படலம் இல்லாமலே 75 சதவீத ஒளியை விடுகின்றது எனக் கொள்வோம். அதன்மேல் 50 சதவீதம் ஒளி விடும் படலத்தை ஒட்டினால், உள்ளே வருவது முக்காலில் பாதி, அஃதாவது முப்பத்தேழரை சதவீதம். 70 சதவீதப் படலமாயின், உள்ளே வருவது ஐம்பத்திரண்டரை சதவீதம்.

இக்கணக்கு சட்டத்தைப் புரிந்துகொள்ளவும் உதவும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 100ஆம் விதி, முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் காணும் ஒளியை விடவேண்டும் என்கின்றது. மேற்கண்ட 75 சதவீதக் கண்ணாடியில், '50 சதவீதம்' என்று எழுதி விற்கும் படலத்தை ஒட்டினால் பக்கக் கண்ணாடியே எல்லையைக் கடந்துவிடும். அதுவே பின்கண்ணாடியாயின், 93 சதவீதத்துக்கு மேல் ஒளி விடும் படலமே எல்லைக்குள் அடங்கும். அத்தகைய படலம் கறுப்பாகத் தோன்றவே தோன்றாது.

சட்டத்தின் நிலை

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழிற்சாலையிலேயே விதிக்குட்பட்ட அளவில் நிறம் ஏற்றிச் செய்த கண்ணாடிக்குத் தடையில்லை. ஆனால் பின்னர் கண்ணாடியின்மீது கரும்படலம் ஒட்டுதல், அது விடும் ஒளியின் சதவீதம் எதுவாயினும், விதிக்கு ஒவ்வாதது என்பது அத்தீர்ப்பு. அவ்வாண்டு மே 4ஆம் நாள் முதல் இதனை நிறைவேற்றுமாறு காவல்துறைக்கு ஆணையிடப்பட்டது.

அதன்பின் விதியே திருத்தம் பெற்றது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, பாதுகாப்புக் கண்ணாடியுடன், உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியமைப்புக்கும் 100ஆம் விதியில் இடம் உண்டாயிற்று. 70, 50 என்னும் எல்லைகள் மட்டும் மாறவில்லை. இத்திருத்தத்தைக் கொண்டு கேரள உயர் நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில், தரநிலைக்கு ஒத்து எல்லைக்குள் அடங்கிய படலத்துக்கு அபராதம் விதித்தல் தகாது என்று தீர்ப்பளித்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளோ கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கேரளத் தீர்ப்பு இங்குத் தானாகவே கட்டுப்படுத்துவதன்று. ஆதலால் எவ்வகைப் படலத்தை ஒட்டுவதாயினும், அதற்கு முன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. படலத்தின் தரச் சான்றிதழையும் கடைக்காரரிடம் பெற்று வண்டியிலேயே வைத்துக்கொள்ளல் வேண்டும். எல்லையை மீறிய கருமையோ, எந்தத் தீர்ப்பின்படியும் எவ்விடத்தும் ஏற்கப்படுவதன்று.

கருமைக்குப் பின்னால் இருப்பவர்

ஒளியின் வழி ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடியைக் கறுப்பாக்குபவர், தாம் வெளியே காண்பதைக் குறைப்பதுடன், பிறர் உள்ளே காண்பதையும் தடுக்கின்றார். சாலையைக் கடக்க நிற்கும் சிறுவன், ஓட்டுநர் தன்னைப் பார்த்துவிட்டாரா என்று அவர் முகத்தை நோக்குவான். முகம் தெரியாவிடில் அவன் ஊகித்தே கடக்க வேண்டும்.

இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியஸ் உயர்ந்ததையும், அவ்வுயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரைமணி நேரத்திலேயே நேர்ந்ததையும் அளந்து காட்டிற்று. சாளரத்தைச் சிறிது இறக்கி வைத்ததும் பெரும் பயன் தரவில்லை. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவில் சூடேறும். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திர மாநிலம் விஜயநகரம் மாவட்டத்தில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் புகுந்த நான்கு சிறுவர் சிறுமியர் வெளியேற இயலாமல் உயிரிழந்தனர். பூட்டிய வண்டிக்குள் குழந்தை சிக்குமாயின், அதனைக் காக்க வல்லது வழிப்போக்கர் ஒருவரின் பார்வையே. கரும்படலம் அந்தக் கடைசி உதவியையும் மறைத்துவிடும். கருங்கண்ணாடி வெயிலைத் தணிக்கும் என்று நம்பிக் குழந்தையை வண்டிக்குள் சில நிமிடம் விட்டுச் செல்லும் எண்ணம் ஒருபோதும் கூடாது.

வகுப்பில் செய்து காணத்தக்க சோதனை

ஒரே அளவுள்ள மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியை நிழலில் இருக்குமாறு வைக்க. முதற் பெட்டியின் வாயை நிறமற்ற கண்ணாடித்தாளாலும், இரண்டாவதைக் கருநிறக் கண்ணாடித்தாளாலும், மூன்றாவதை நிறமற்ற தாளின்மேல் வைத்த அலுமினியத் தகட்டாலும் மூடுக. வெயிலில் இருபது நிமிடம் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரைக. திருப்பி அனுப்புவதும் உறிஞ்சிக்கொள்வதும் வேறு வேறு என்பதை மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். அதே கருநிறத் தாளின் வழியாகச் சுவரிலுள்ள எழுத்துகளை நண்பகலில் ஒருமுறையும் மாலை ஐந்து மணிக்கு மறுமுறையும் படிக்கச் செய்க. பார்வைக்குக் கொடுக்கும் விலையும் அப்பொழுது விளங்கும்.

முடிவு

ஹேடோவில் வண்டி வைத்திருப்பவர் வெப்பத்தைத் தணிக்க விரும்பின் செய்யத்தக்கன பல. வண்டியை நிழலில் நிறுத்துக. முன்கண்ணாடிக்கு வெள்ளித் தட்டி இடுக. புறப்படுமுன் எல்லாக் கதவுகளையும் திறந்து அடைபட்ட காற்றை வெளியேற்றுக. ஓடத் தொடங்கியதும் சில நிமிடம் சாளரங்களை இறக்கி வைத்து, பின்னரே குளிர்சாதனத்தை இயக்குக. புது வண்டி வாங்குவதாயின் வெண்ணிறக் கூரையையும், வெப்பம் தடுக்கும் தெளிந்த கண்ணாடியையும் நாடுக. இவற்றுள் ஒன்றும் பார்வையைக் குறைப்பதன்று. சட்டத்துக்கு மாறானதும் அன்று. பழைய வண்டியில் முன்னர் ஒட்டிய கரும்படலம் இருப்பின் அதனை நீக்கிவிடுதல் நன்று.

இவையனைத்தும் செய்த பின்னரும் பக்கக் கண்ணாடிக்குப் படலம் தேவை எனத் தோன்றினால், ஒளியை மிகுதியாக விட்டு அகச்சிவப்பைத் தடுக்கும் வகையையே, கணக்கிட்டுப் பார்த்து, உரிய அலுவலகத்தில் கேட்டறிந்து தேர்ந்துகொள்ளலாம். நண்பகலில் சிறிது நிழல் பெறுவதற்காக, மாலை ஐந்து மணிச் சாலையில் பிறர் உயிரைக் காணும் ஒளியை இழப்பது தக்க பேரமன்று.